எண்களுக்குள் ஒளிந்திருக்கும் உண்மை: ஒரு டச்சு வேதியளவியல் பேராசிரியரின் ஆய்வுப் பாதை

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் இலக்கியம், இசை, கோயில் கட்டடக்கலை என்று எத்தனையோ நல்ல கட்டுரைகளைப் படித்து மகிழ்ந்திருக்கிறோம். இந்த முறை அறிவியல் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமே என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஆகவே எனக்குப் பழக்கமான துறையிலிருந்தே ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன். நோபல் பரிசு பெற்றவர் இல்லை. நம் வீடுகளில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் இரத்தப் பரிசோதனை, புதுமருந்து ஆராய்ச்சி, உணவுத் தரம் என்று நம் வாழ்க்கையைத் தொடுகிற பல விஷயங்களில் அவரைப் போன்றவர்களின் உழைப்பு அடங்கியிருக்கிறது.

அவர் பெயர் ஆகெ ஸ்மில்டெ. நெதர்லாந்துக்காரர். ஆங்கிலத்தில் 'வயது' என்று பொருள்படும் சொல்லின் எழுத்துகளேதான் அவருடைய முதற்பெயருக்கும். பார்த்தவுடன் 'ஏஜ்' என்று படித்துவிடத் தோன்றும். டச்சுக்காரர்கள் 'ஆகெ' என்கிறார்கள். நாம் 'ஆகவே' என்று சொல்லும்போது வருகிற மெல்லிய ககரம் இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான். டச்சு உச்சரிப்பில் நமக்கு எளிதாக வருகிற ஒன்றிரண்டில் இதுவும் ஒன்று!

வேதியளவியல் என்றால் என்ன?

வேதியியல் நமக்குத் தெரியும். புள்ளியியலும் தெரியும். இரண்டும் கைகோத்தால் வருவது கெமோமெட்ரிக்ஸ், அதாவது வேதியளவியல். ஸ்வீடன் நாட்டு ஸ்வாண்டே வோல்ட் 1971-இல் இந்தப் பெயரை உருவாக்கினார். 1974-இல் அவரும் அமெரிக்காவின் ப்ரூஸ் கோவல்ஸ்கியும் சேர்ந்து இதற்கென ஒரு பன்னாட்டுக் கழகம் தொடங்கினார்கள். ஸ்வாண்டேயின் தந்தை ஹெர்மன் வோல்ட் பொருளாதாரத்துக்கான புள்ளியியலில் பெரிய ஆள். அப்பா உருவாக்கிய கணக்கு முறையை மகன் வேதியியலுக்குக் கொண்டுவந்தார் என்பது ஒரு சுவையான செய்தி.

எதற்கு இப்படியொரு துறை? அந்தக் காலத்தில் ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்கு ஓர் எண் கிடைக்கும். அமிலத்தன்மை இவ்வளவு, உப்பு இவ்வளவு, முடிந்தது வேலை. இப்போதைய கருவிகள் அப்படியா? ஒரு சொட்டு திரவத்தை உள்ளே விட்டால் ஆயிரம் எண்களைக் கொட்டுகின்றன. ஆயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அதைவிட முக்கியம், தனித்தனியாகப் பார்த்தால் உண்மை தெரியாது. ஆறடி உயரம் ஒருவருக்குச் சகஜம்தான். நாற்பத்தைந்து கிலோ எடையும் சகஜம்தான். ஆனால் ஆறடி உயர ஆண் ஒருவர் நாற்பத்தைந்து கிலோ இருந்தால் டாக்டர் கவலைப்படுவார் இல்லையா? எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் சேதி புரியும். அப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்கான கணக்குதான் வேதியளவியல்.

பரப்பளவில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நெதர்லாந்து இந்தத் துறையில் ஆரம்பத்திலிருந்தே முன்வரிசையில் நின்றது. நைமேகன் பல்கலைக்கழகத்தில் கெரிட் கடேமான் இருந்தார். பெய்பெர்ஸ் என்பவருடன் சேர்ந்து பகுப்பாய்வு வேதியியலில் தரக்கட்டுப்பாடு பற்றி அவர் எழுதிய நூல் 1981-இல் வந்தது. யூனிலீவர் கம்பெனியின் ஃப்ளார்டிங்கன் ஆய்வகத்தில் இருந்த சைமென் டி யாங் 1993-இல் 'சிம்பிள்ஸ்' என்ற கணக்கு முறையை வெளியிட்டார். நம் கல்லூரிகளில் பிள்ளைகள் பயன்படுத்தும் மேட்லேப் மென்பொருளுக்குள் இன்றும் அந்த முறைதான் ஓடுகிறது. ஸ்மில்டெ வளர்ந்தது இப்படிப்பட்ட மண்ணில்.

குரோனிங்கனில் தொடக்கம்

நெதர்லாந்தின் வடகோடியில் உள்ள குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் டோர்ன்பாஸ் என்ற பேராசிரியரின் குழுவில் ஸ்மில்டெயின் ஆய்வு தொடங்கியது. அவர்கள் கையாண்டது குரோமட்டோகிராஃபி என்ற பிரித்தெடுக்கும் நுட்பம். கலவையை ஒரு குழாய் வழியே செலுத்தினால் அதிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். மருந்து ஆய்வகங்களின் அன்றாடச் சோறு இது. 1987-இல் அந்தக் குழு வெளியிட்ட ஒரு கட்டுரை, செயற்கை ஸ்டீராய்டு ஹார்மோன்களை நன்றாகப் பிரிக்கவும் வேண்டும், சீக்கிரம் பிரிக்கவும் வேண்டும் என்றால் என்ன செய்வது என்று ஆராய்ந்தது. ஒன்று கூடினால் ஒன்று குறையும். நம் வீட்டு பட்ஜெட் மாதிரிதான். இரண்டுக்கும் நடுவே நியாயமான சமரசம் எங்கே என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

1990-இல் அவருக்கு முனைவர் பட்டம். இந்த வேலையில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு தலைவலியை ஆய்வேடு எடுத்துக்கொண்டது. ஒரு குழாயில் ஐந்தாவது நிமிஷம் வந்த பொருள், வேறொரு குழாயில் ஏழாவது நிமிஷம் வரும். எல்லாவற்றையும் மறுபடி அளந்துகொண்டிருக்க முடியுமா? சில அடையாளப் பொருள்களை மட்டும் புதுக் குழாயில் ஓட்டிப் பார்த்து, மற்றவை எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என்பது இந்த ஆய்வின் மையக் கருத்து. சோற்றுப் பதம் பார்ப்பதை எண்களால் செய்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்தில் முனைவர் பட்டம் வாங்குவதே ஒரு சடங்கு. ஆய்வேட்டை அச்சிட்ட நூலாகவே கொடுப்பார்கள். ஆய்வேட்டோடு சில குறுங்கருத்துகளையும் முன்வைப்பது வழக்கம். அவற்றில் சில துறைக்கு வெளியே உள்ளவையாகவும் இருக்கலாம். பிறகு எல்லோர் முன்னிலையிலும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். குறித்த நேரம் முடிந்ததும் செங்கோல் ஏந்திய அலுவலர் ஒருவர் உள்ளே வந்து 'நேரமாகிவிட்டது' என்று லத்தீன் மொழியில் அறிவிப்பார். அந்த நொடியில் பதில் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடலாம். நம் ஊரில் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த வசதியின் அருமை புரியும்!

மனத்தை அளந்த கணக்கு

1991-இல் ஸ்மில்டெயும் டோர்ன்பாஸும் எழுதிய கட்டுரையில் அவர் பாதையின் முக்கியத் திருப்பம் தெரிகிறது. குழாய் ஒரு பக்கம், திரவம் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று எண்கள் மூன்று திசையில் விரிகின்றன. சாதாரண அட்டவணைக்கு நீளம், அகலம் இரண்டுதான் உண்டு. இதற்கோ உயரமும் வேண்டும். அட்டவணைகளைச் சீட்டுக்கட்டு போல அடுக்கினால் வருகிற கனசதுரம் இது. இதைப் பிரித்துப் பார்க்கிற கணக்கு வேதியியலில் பிறந்ததில்லை. உளவியலில் பிறந்தது! பல மனிதர்கள், பல கேள்விகள், பல சூழ்நிலைகள் என்று மனத்தை அளக்கப் புறப்பட்டவர்கள் 1960-களிலும் 70-களிலும் உண்டாக்கியது. குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் உளவியல் பிரிவில் டென் பெர்கெ, ஹெங்க் கீர்ஸ் என்ற இருவர் இந்தக் கணக்கில் கெட்டிக்காரர்கள். பின்னாளில் கீர்ஸும் ஸ்மில்டெயும் சேர்ந்தே கட்டுரை எழுதினார்கள். மனத்தை அளந்த கருவி இப்படித்தான் மருந்தை அளக்க வந்தது.

இதன் பயனை ஒரு கச்சேரி உதாரணத்தால் சொல்கிறேன். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் கலந்த ஒரே ஒலிப்பதிவு இருக்கிறது. அதிலிருந்து மூன்றையும் தனியாகப் பிரி என்றால் கணக்கு திணறும். ஆனால் அதே உருப்படியை அதே மாதிரி வாசித்து, ஒருமுறை வயலினைக் கூட்டி, ஒருமுறை மிருதங்கத்தைக் குறைத்து என ஐந்து பதிவுகள் கிடைத்தால்? எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்துப் பிரித்துவிடலாம். டென்மார்க்கின் ராஸ்மஸ் ப்ரோ இதை வேதியியலில் அழகாகக் காட்டினார். டைரோசின், ட்ரிப்டோஃபேன், ஃபினைல்அலனின் என்ற மூன்று அமினோ அமிலங்களை வெவ்வேறு அளவில் கலந்த ஐந்து மாதிரிகள். அவற்றின் மீது ஒளியைப் பாய்ச்சி, அவை திருப்பி உமிழும் ஒளியை அளந்தார்கள். எது எந்தப் பொருள் என்று கணக்குக்குச் சொல்லித் தராமலே மூன்றின் ஒளிக் கையெழுத்தும் தனித்தனியே வந்து விழுந்தது. இந்த ப்ரோ தன் முனைவர் பட்டத்தை 1998-இல் வாங்கியது அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில், ஸ்மில்டெயின் வழிகாட்டலில். 2004-இல் ஸ்மில்டெ, ப்ரோ, பால் கெலாடி மூவரும் எழுதிய பலவழிப் பகுப்பாய்வு நூல் இந்தத் துறைக்கே பாடப்புத்தகம் ஆயிற்று.

தொழிற்சாலையிலிருந்து உடம்புக்குள்ளே

அம்ஸ்டர்டாமில் அவருடைய குழு முதலில் தொழிற்சாலைப் பக்கம் திரும்பியது. மருந்தோ ரசாயனமோ 'பேட்ச்' பேட்சாகத் தயாராகும்போது வெப்பம், அழுத்தம் எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாகின்றன. பேட்ச், அளவீடு, நேரம். இதோ மறுபடியும் அதே கனசதுரம்! பேட்ச் கெட்டுப்போன பிறகு கையைப் பிசையாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்கும் முறைகளில் எது நம்பத்தக்கது என்று 2002-இல் அவர்கள் ஒப்பிட்டு எழுதினார்கள். ஒரு பேட்ச் வீணானால் எத்தனை பேருடைய தூக்கம் போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த ஆராய்ச்சி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

பிறகு வந்தது உயிரியல். நம் இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை, கொழுப்பு, அமினோ அமிலம் என நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அளக்கும் துறைக்கு மெட்டபாலோமிக்ஸ் என்று பெயர். இதில் அவர் குழுவின் மூன்று பங்களிப்புகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, எண்களைத் தயார்ப்படுத்துவது. சாம்பாரில் துவரம்பருப்பு ஒரு ஆழாக்கு, பெருங்காயம் ஒரு சிட்டிகை. எடையை மட்டும் பார்க்கிறவன் 'சாம்பார் என்றால் பருப்பு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். பெருங்காயத்தின் மகிமை கணக்கில் வராது. உடம்பிலும் அதிகம் இருக்கிற பொருள்தான் முக்கியம் என்பதில்லை. எண்களை எப்படிச் சமநிலைக்குக் கொண்டுவந்தால் உயிரியல் சேதி தெளிவாகத் தெரியும் என்று ஒரு பாக்டீரியாவின் அளவீடுகளை வைத்து 2006-இல் பல வழிகளை ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு பொருளையும் அதனதன் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே வகுத்துவிடும் முறைகள் மேலானவை என்று அங்கே தெரிந்தது.

இரண்டாவது, ஏற்ற இறக்கத்தைக் கூறு பிரிப்பது. ஒரு மருந்தைப் பல அளவுகளில் கொடுத்து, பல நாள் அளந்தால், எண்கள் மாறுகின்றன. மருந்தளவால் மாறியது எவ்வளவு? நாள் ஆனதால் மாறியது எவ்வளவு? ஆளுக்கு ஆள் இயல்பாக உள்ள வித்தியாசம் எவ்வளவு? வயலில் எருவின் பயனைக் கணக்கிடுவதற்காக இங்கிலாந்தில் ஃபிஷர் 1920-களில் வகுத்த முறை ஒரே ஓர் எண்ணுக்கு இதைச் செய்யும். நூற்றுக்கணக்கான எண்களுக்கு ஒருசேரச் செய்யும்படி அதை விரித்தது 'அஸ்கா' என்ற முறை. 2005-இல் ஸ்மில்டெ முதலானோர் வெளியிட்ட அந்தக் கட்டுரையில் குரோனிங்கன் உளவியல் பிரிவைச் சேர்ந்த மரீக்கெ டிம்மர்மனும் ஒருவர். பழைய நட்பு விடவில்லை பாருங்கள்! கூட எழுதிய யெரோன் யான்சன் பிற்பாடு நைமேகனுக்குப் போய் அங்கே இந்தத் துறையை வளர்த்தார்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. அதற்குத் தனித் தலைப்பே தரலாம்.

பொய் சொல்லும் அழகான படங்கள்

1,024 பேரை நிறுத்தி ஆளுக்குப் பத்து முறை காசைச் சுண்டச் சொல்லுங்கள். சராசரியாக ஒருவருக்காவது பத்தும் தலையாக விழும். அவரைப் பிடித்து 'காசு சுண்டுவதில் மகான்' என்று மாலை போடுவோமா? ஆனால் ஆராய்ச்சியில் இது நடக்கிறது. பத்து நோயாளி, பத்து ஆரோக்கியமானவர், ஒவ்வொருவரிடமும் ஆயிரம் அளவீடு. இரு சாராருக்கும் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து சதவீதம் என்ற வழக்கமான அளவுகோலை வைத்தால்கூட ஏறத்தாழ ஐம்பது அளவீடுகள் 'வித்தியாசம் இருக்கிறது' என்று தற்செயலாகக் கைதூக்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கும் கணக்கு முறைக்கோ இன்னும் கொண்டாட்டம். நோயாளிகள் சிவப்புப் புள்ளியாக இந்தப் பக்கம், மற்றவர்கள் நீலப் புள்ளியாக அந்தப் பக்கம் என்று கண்ணைப் பறிக்கும் படம் போட்டுக் கொடுத்துவிடும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரத்தப் புரதங்களின் கோலத்தைப் பார்த்தே சினைப்பைப் புற்றுநோயைச் சொல்லிவிடலாம் என்றார்கள். சோதித்த 50 நோயாளிகளில் 50 பேரையும் சரியாகச் சொன்னதாம். நோய் இல்லாத 66 பேரில் 63 பேரையும் சரியாகச் சொன்னதாம். உலகமே மகிழ்ந்தது. ஆனால் 2004-இல் ஹூஸ்டனைச் சேர்ந்த புள்ளியியலார்கள் அதே குழு வெளியிட்ட எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஒரு தொகுப்பில் கண்ட கோலம் இன்னொன்றில் நிற்கவில்லை. மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த வேறுபாடே நோயின் அடையாளம்போலத் தோன்றியிருக்கலாம் என்று காட்டினார்கள். இப்படிப்பட்ட சோதனையை நம்பி ஒரு பெண்மணிக்கு அறுவை சிகிச்சை நடந்தால்? அல்லது 'உனக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?

வெஸ்டர்ஹைஸ், ஹூஃப்ஸ்லூட், ஸ்மில்டெ முதலானோர் 2008-இல் எழுதிய கட்டுரை இந்த மாதிரிப் படங்களின் குட்டை உடைத்தது. அவர்கள் வற்புறுத்திய வைத்தியம் இரண்டு. ஒன்று, கணக்கு முறைக்குக் கற்றுக்கொடுத்த ஆட்களை வைத்தே அதற்குப் பரீட்சை வைக்கக் கூடாது. மாடல் தேர்வில் கொடுத்த வினாத்தாளையே பொதுத்தேர்விலும் கொடுத்தால் எல்லாப் பிள்ளையும் நூறு வாங்கும். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? இன்னொன்று, சீட்டைக் கலைப்பது. யார் நோயாளி, யார் இல்லை என்ற சீட்டுகளை வேண்டுமென்றே குலுக்கி மாற்றி ஒட்டிவிட்டு, அதே கணக்கை ஓராயிரம் முறை ஓட்டிப் பாருங்கள். கலைத்த சீட்டுக்கும் அதே அழகான படம் வருகிறதா? அப்படியானால் முதலில் வந்த படத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. கலைத்தவுடன் படமும் கலைகிறதா? அப்போது மேலே யோசிக்கலாம். எளிய சோதனைதான். ஆனால் தன் கண்டுபிடிப்பைத் தானே உடைத்துப் பார்க்கிற மனசு வேண்டும்.

2022-இல் இரண்டு நார்வே அறிஞர்களுடன் சேர்ந்து ஸ்மில்டெ இன்னொரு பெரிய நூல் எழுதினார். மரபணு, புரதம், உணவு என்று பல இடத்திலிருந்து வரும் அட்டவணைகளை ஒன்றாக இணைத்துப் படிப்பது எப்படி என்பது அதன் பொருள். 1987-இல் ஹார்மோன் மருந்தைப் பிரித்ததிலிருந்து 2022 வரை கணக்குப் போட்டால் முப்பத்தைந்து வருஷம். குழாய், தொழிற்சாலை, உடம்பு என்று களங்கள் மாறின. இந்த மாற்றம் எதனால் வந்தது, இது உண்மையா தற்செயலா என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

நம் நாட்டுத் தொடர்பு

நமக்கும் இந்தத் துறைக்கும் உறவு உண்டு. மேலே ஆறடி ஆளைச் சொன்னேன் அல்லவா? பல அளவீடுகளைச் சேர்த்து ஒருவர் கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்று கணக்கிடும் முறையைக் கல்கத்தாவில் மகலனோபிஸ் 1936-இல் வகுத்தார். மனித உடலளவுகளை ஒப்பிடப் போய் உருவான அந்த 'மகலனோபிஸ் தூரம்' இல்லாத வேதியளவியல் பாடநூலைப் பார்ப்பது அரிது. அதே கல்கத்தாவுக்கு 1907-இல் நிதித்துறை வேலைக்காகப் போய்ச் சேர்ந்த திருச்சிக்காரர் ஒருவர், ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் ஆராய்ச்சி செய்தார். 1928-இல் ராமன் விளைவு பிறந்தது. சர் சி.வி. ராமன் கண்டெடுத்த அந்த நிறமாலை இன்று கையில் பிடிக்கிற கருவிக்குள் வந்துவிட்டது. மருந்து மூலப்பொருள் சரியானதுதானா என்று சாக்குப் பக்கத்திலேயே நின்று சோதிக்கிறார்கள். அந்த நிறமாலையின் நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் படித்துச் சொல்வதும் வேதியளவியல் கணக்குகள்தான். பிழைப்புக்காக மாநிலம் விட்டு வந்த நமக்கெல்லாம் இது கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது நம் வீடுகளில் நடக்கும் பேச்சு எனக்குத் தெரியும். 'கணக்கு வராதா, பயாலஜி எடு.' 'பயாலஜி எடுத்தாயா, இனிமேல் கணக்கை மறந்துவிடு.' இந்தச் சுவர் நாம் கட்டியது. உளவியலார் கணக்கை வேதியியலார் எடுத்து, அதை மருத்துவருக்குக் கொடுத்த கதையைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். உயிரியல் படிக்கிற பிள்ளை புள்ளியியலையும் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒரு நாளாவது ஆய்வகத்துக்குள் போய்ப் பார்க்கட்டும். இரண்டும் தெரிந்தவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமிருக்காது.

படித்து முடித்துவிட்ட நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'ஒரு சொட்டு இரத்தத்தில் எல்லா நோயும் தெரியும்' என்று செய்தியோ விளம்பரமோ கண்ணில் பட்டால் உடனே பர்ஸைத் திறக்க வேண்டாம். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? அந்த ஆட்களைத் தவிர்த்துப் புதிய ஆட்களிடமும் சோதித்தார்களா? சம்பந்தமில்லாத வேறொரு குழு செய்து பார்த்தபோதும் அதே முடிவு வந்ததா? இந்த மூன்று கேள்விக்கும் நேரான பதில் கிடைத்தால் டாக்டரிடம் கலந்து பேசி மேலே போகலாம். பதில் கிடைக்காவிட்டால், காசு மட்டுமில்லை, மன நிம்மதியும் மிச்சம்.